ஆங்கிலக் கடிதத்தில் நம்பிக்கையும் கவலையும்: காரணம் சொல்லும் சொற்களை எப்படிப் படிப்பது?



அஸர் தொழுகைக்குப் பிறகு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு ஆங்கிலக் காகிதத்தோடுதான் வருகிறார்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கல்லூரியிலிருந்து வந்த கடிதம், வளைகுடா கம்பெனியின் வேலை ஒப்பந்தம், கோர்ட் நோட்டீஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். படித்துச் சொல்லுங்கள் என்பார்கள். நானும் இருபது வருடத்துக்கு மேலாகப் படித்துச் சொல்லி வருகிறேன். அதில் ஒரு கடிதத்தை நான் தவறாகப் படித்தேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு அதை இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையே அதனால் வந்ததுதான்.

நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் முப்பது வருடம் வெளிநாட்டில் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். சர்க்கரை நோய் இருந்தது. இடது காலில் ஒரு புண்ணும் இருந்தது. ஊரில் டாக்டரிடம் காட்டும்படி அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். அவருடைய மகள் அதை என்னிடம் கொண்டுவந்து, "சாச்சா, அத்தாவுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

கடிதத்தின் முதல் வரி: 'தேர் ஈஸ் நோ இம்மீடியட் காஸ் ஃபார் அலாரம்.' அடுத்த வரி: 'ஹவ்எவர், தேர் ஆர் கிரவுண்ட்ஸ் ஃபார் கன்சர்ன் அபவுட் த சர்குலேஷன் இன் த லெஃப்ட் ஃபுட், அண்ட் வீ வுட் எக்ஸ்பெக்ட் ஹிம் டு பீ சீன் பை எ வாஸ்குலர் சர்ஜன் வித்இன் டூ வீக்ஸ்.'

நான் சொன்னது இதுதான்: "பயப்பட ஒண்ணுமில்லம்மா. கால்ல ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் பாத்துக்கணுமாம். ரெண்டு வாரத்துல ஒரு டாக்டர் பாப்பாருன்னு எதிர்பாக்குறாங்களாம்."

அந்த வீட்டில் அப்போது இளைய மகளின் நிக்காஹ் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று நானே சொல்லிவிட்டதால் கல்யாணம் முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மதுரைக்கு அழைத்துப் போனபோது இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பிறகு ஒருநாள் அந்த மகள் அதே கடிதத்தோடு வந்து நிதானமாகக் கேட்டார்: "சாச்சா, சீக்கிரம் போகணும்னு இதுல இருந்துச்சா?"

இருந்தது. கடிதம் எழுதியவர் மீது குறையில்லை. அவர் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார். பி.ஏ. படித்த நான்தான் அந்த மூன்று சொற்களின் கனத்தை அறியாமல் படித்தேன். அலாரம், கன்சர்ன், எக்ஸ்பெக்ட் ஆகிய மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள்தான். தெரிந்த சொற்கள் என்பதாலேயே நான் நின்று யோசிக்கவில்லை.

ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்கள் நம்பிக்கையையோ கவலையையோ எதிர்பார்ப்பையோ வெறும் உணர்ச்சியாக எழுதுவதில்லை. அதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அந்த அளவைச் சொல்லும் சொற்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அவற்றை விட்டுவிட்டுப் படித்தால் பொருள் தலைகீழாகும்.

நம்பிக்கை என்ற ஒரே சொல்

முதலில் நம் பக்கத்துச் சிக்கலைப் பார்ப்போம். தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரு சொல்லை நாம் பல இடங்களில் புழங்குகிறோம். ஆங்கிலத்தில் அது ஹோப், பிலீஃப், டிரஸ்ட், கான்ஃபிடன்ஸ் என்று பிரிந்து நிற்கிறது. 'டாக்டர்ஸ் ஆர் ஹோப்ஃபுல்' என்றாலும் 'டாக்டர்ஸ் ஆர் கான்ஃபிடன்ட்' என்றாலும் "டாக்டருங்க நம்பிக்கையா இருக்காங்க" என்றுதான் சொல்கிறோம். ஹோப்ஃபுல் என்றால் நல்லபடி ஆகலாம், ஆகவேண்டும் என்று விரும்புகிறார்கள் என்பது பொருள். கான்ஃபிடன்ட் என்றால் ஆகிவிடும் என்று உறுதியாக நினைக்கிறார்கள் என்பது பொருள். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

அதேபோல 'காரணம்' என்ற நம் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ரீசன், காஸ், கிரவுண்ட்ஸ் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன.

ரீசன் மிகப் பொதுவானது. நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். 'ரீசன் டு ஹோப்', 'ரீசன் டு பிலீவ்', 'ரீசன் டு ஃபியர்', 'ரீசன் டு வொரி' என்று பெரும்பாலும் 'டு' சேர்ந்து, பின்னால் ஒரு வினைச்சொல் வரும்.

காஸ் என்பது பெரும்பாலும் 'ஃபார்' சேர்ந்து வரும். 'காஸ் ஃபார் கன்சர்ன்' என்றால் கவலைப்பட இடமிருக்கிறது. 'நோ காஸ் ஃபார் அலாரம்' என்றால் பதற வேண்டியதில்லை. 'காஸ் ஃபார் செலிப்ரேஷன்' என்று மகிழ்ச்சிக்கும் வரும் என்றாலும், நம் கைக்கு வரும் காகிதங்களில் அதை அதிகம் பார்ப்பது கவலையோடுதான்.

கிரவுண்ட்ஸ் எழுத்துபூர்வமான, சட்டச் சாயலுள்ள சொல். இந்தப் பொருளில் பெரும்பாலும் பன்மையில் வரும். 'மெடிக்கல் கிரவுண்ட்ஸ்', 'கிரவுண்ட்ஸ் ஃபார் அப்பீல்', 'கிரவுண்ட்ஸ் ஃபார் ஆப்டிமிஸம்' என்பார்கள். காலுக்குக் கீழே நிற்கத் தரை இருக்கிறது என்பதுபோல, சொல்வதற்கு அடிப்படை இருக்கிறது என்று பொருள். கோர்ட் செய்திகளில் "முகாந்திரம் இருக்கிறது" என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அந்தச் சொல் இதற்கு நெருக்கமாக வரும். ஒரு டாக்டர் 'கிரவுண்ட்ஸ் ஃபார் கன்சர்ன்' என்று எழுதினால், "சும்மா சொல்லவில்லை, பரிசோதனையில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்" என்பது உள்ளே இருக்கிறது. நான் தவறவிட்டது அதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஐ ஹோப்' என்பது சொல்கிறவரின் மனதைப் பற்றியது. அதை யாரும் மறுக்க முடியாது. 'தேர் ஈஸ் ரீசன் டு ஹோப்' என்பது நிலைமையைப் பற்றியது. "என்ன காரணம்?" என்று நாம் திருப்பிக் கேட்கலாம். எழுதியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். டாக்டரிடம் போகும்போது தயங்காமல் கேளுங்கள்: "நம்பலாம்னு எழுதியிருக்கீங்க, எதை வச்சு சொல்றீங்க டாக்டர்?" இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

எவ்வளவு காரணம்?

ரீசன் என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்தான் அளவைக் காட்டுவது. மேலிருந்து கீழாக இப்படி வரும்:

'எவ்ரி ரீசன் டு ஹோப்': முழு நம்பிக்கையோடு இருக்கலாம். எவ்ரி என்பதை "ஒவ்வொரு காரணமும்" என்று மொழிபெயர்க்கக் கூடாது. நம்புவதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது என்பதே பொருள்.

'குட் ரீசன் டு ஹோப்': நம்புவதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

'சம் ரீசன் டு ஹோப்': ஓரளவு நம்பலாம். சொல்கிறவர் எச்சரிக்கையாகச் சொல்கிறார்.

'லிட்டில் ரீசன் டு ஹோப்': நம்புவதற்கு அநேகமாக ஒன்றுமில்லை.

'நோ ரீசன் டு ஹோப்': கைவிட்டுவிட்டார்கள்.

இதில் நான்காவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'லிட்டில்' என்றால் கொஞ்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் முன்னால் 'எ' என்ற ஓரெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'தேர் ஈஸ் எ லிட்டில் ஹோப்' என்றால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. 'தேர் ஈஸ் லிட்டில் ஹோப்' என்றால் நம்பிக்கை இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 'எ ஃபியூ', 'ஃபியூ' என்பதும் அப்படித்தான். 'எ ஃபியூ சீட்ஸ் ஆர் லெஃப்ட்' என்றால் சில இடங்கள் இருக்கின்றன, விண்ணப்பிக்கலாம். 'ஃபியூ சீட்ஸ் ஆர் லெஃப்ட்' என்றால் அநேகமாக முடிந்துவிட்டது.

எதிர்மறையாக வரும்போது எதை மறுக்கிறார்கள் என்று பாருங்கள். அலாரம் என்பது பதற்றம், கன்சர்ன் என்பது கவலை. 'நோ காஸ் ஃபார் அலாரம்' என்று எழுதுகிறவர் பதற்றத்தை மட்டும்தான் மறுக்கிறார். கவலையை மறுக்கவில்லை. இன்று இரவே ஆம்புலன்ஸ் பிடிக்க வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். அடுத்த வரியில் 'ஹவ்எவர்' அல்லது 'பட்' என்று தொடங்கினால், உண்மையான செய்தி அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் காகிதங்களில் வரும் இரண்டு சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ப்ராக்னாசிஸ்: கார்டட்' என்று எழுதியிருப்பார்கள். நோயாளியைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அப்படியல்ல. நோய் எப்படிப் போகும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது, டாக்டர் வாக்குக் கொடுக்கத் தயங்குகிறார் என்பதே பொருள். 'ஸ்டேபிள்' என்றால் நிலைமை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று பொருள். குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. மோசமான நிலையிலும் ஒருவர் ஸ்டேபிளாக இருக்கலாம்.

ஹோப் வேறு, எக்ஸ்பெக்ட் வேறு

மத்ரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கு 'இன்ன'வும் அதன் சகோதரிகளும் நினைவிருக்கும். அந்த ஆறில் கடைசி இரண்டு, 'லைத்த', 'லஅல்ல'. நடக்காததையோ நடப்பதற்கு அரிதானதையோ ஏங்கிச் சொல்வதற்கு லைத்த. நடக்கக்கூடியதை எதிர்நோக்கிச் சொல்வதற்கு லஅல்ல. அந்த லஅல்ல இரண்டு பக்கமும் போகும் என்று உஸ்தாத் சொல்லிக் கொடுத்திருப்பார். விரும்புவது வரும் என்ற நம்பிக்கைக்கும் வரும், வெறுப்பது வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கும் வரும். வாக்கியத்தைப் பார்த்துத்தான் எது என்று அறிய வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ஐ விஷ் ஐ குட்' என்பது லைத்தவின் இடம்: முடிந்தால் நன்றாயிருக்கும், முடியாது. 'ஐ ஹோப்' என்பது லஅல்லவின் முதல் பக்கம். ஆனால் 'ஐ விஷ் டு அப்ளை' என்று 'டு' சேர்ந்து வந்தால் ஏக்கம் இல்லை, "விண்ணப்பிக்க விரும்புகிறேன்" என்று மரியாதையாகச் சொல்வது.

எக்ஸ்பெக்ட் இந்த இரண்டிலும் சேராது. அதில் விருப்பமே இல்லை. நடக்கும் என்று கணக்குப் போடுவது மட்டும்தான். 'வீ எக்ஸ்பெக்ட் ஹெவி ரெயின்' என்று வானிலை நிலையம் சொன்னால், மழையை ஆசையோடு எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வரப்போகிறது, தயாராக இருங்கள் என்று அர்த்தம்.

எக்ஸ்பெக்ட் ஒரு மனிதர் செய்ய வேண்டியதைப் பற்றி வந்தால் அது பெரும்பாலும் கட்டளைக்குச் சமம். 'ஸ்டூடண்ட்ஸ் ஆர் எக்ஸ்பெக்டட் டு ரிப்போர்ட் பை 9 ஏ.எம்.' என்றால் மாணவர்கள் ஒன்பது மணிக்குள் வந்தே ஆக வேண்டும். வந்தால் சந்தோஷம் என்பதல்ல. 'வீ வுட் எக்ஸ்பெக்ட் ஹிம் டு பீ சீன் வித்இன் டூ வீக்ஸ்' என்று அந்த டாக்டர் எழுதியதும் இந்த வகைதான். இரண்டு வாரத்துக்குள் காட்டிவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். 'வுட்' என்ற சொல் அதைப் பணிவாக்கியது. பணிவை நான் தளர்ச்சி என்று படித்துவிட்டேன்.

ஆனால் அதே சொல் ஒரு பொருளைப் பற்றியோ தொகையைப் பற்றியோ வந்தால் கட்டளையும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. வெளிநாட்டு வேலைக் கடிதத்தில் 'யுவர் சேலரி ஈஸ் எக்ஸ்பெக்டட் டு பீ ரிவைஸ்டு ஆஃப்டர் சிக்ஸ் மன்த்ஸ்' என்று இருந்தால், ஆறு மாதத்தில் சம்பளம் கூடும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். கூட்டுவதாக யாரும் எழுதித் தரவில்லை. 'வில் பீ ரிவைஸ்டு' அல்லது 'ஷல் பீ ரிவைஸ்டு' என்று எவ்வளவு என்பதோடு இருந்தால்தான் அது ஒப்பந்தத்தில் பிடித்துக் கேட்கக்கூடிய வார்த்தை.

கல்லூரிக் கடிதங்களிலும் இப்படித்தான். 'வீ ஆர் ப்ளீஸ்டு டு ஆஃபர் யூ எ ப்ளேஸ்' என்றால் இடம் தருகிறார்கள். 'வீ ஹோப் டு பீ ஏபிள் டு ஆஃபர் யூ எ ப்ளேஸ்' என்றால் தர முடிந்தால் தருவார்கள். இரண்டாவது கடிதத்தை நம்பி வேறு கல்லூரியின் இடத்தை விட்டுவிடக் கூடாது.

'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று வந்தால் எழுதியவர் எதற்கும் பயப்படவில்லை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ கெனாட் எக்ஸ்டெண்ட் த டேட்' என்பது "வருந்துகிறோம், தேதியை நீட்டிக்க முடியாது" என்று மென்மையாக மறுப்பது.

சந்தேகம் என்ற சொல்லில் ஒரு குழி

தமிழில் 'சந்தேகம்' ஒன்றுதான். ஆங்கிலத்தில் டவுட், சஸ்பெக்ட் என்று இரண்டு. இவை எதிரெதிர்த் திசையில் போகும்.

'ஐ டவுட் தட் ஹி வில் பாஸ்' என்றால் அவன் தேறமாட்டான் என்று நினைக்கிறேன். 'ஐ சஸ்பெக்ட் தட் ஹி வில் ஃபெயில்' என்றால் அவன் தோற்பான் என்று நினைக்கிறேன். டவுட் வந்தால் பின்னால் சொல்வது நடக்காது என்பது பக்கம். சஸ்பெக்ட் வந்தால் பின்னால் சொல்வது இருக்கிறது, நடக்கும் என்பது பக்கம்.

ஆகவே ரிப்போர்ட்டில் 'சஸ்பெக்டட் டெங்கு' என்றோ 'சஸ்பெக்டட் டிபி' என்றோ இருந்தால் "சந்தேகம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். இருக்கலாம் என்று டாக்டர் கருதுகிறார், உறுதிப்படுத்தும் பரிசோதனை பாக்கி இருக்கிறது என்பது பொருள். அந்தப் பரிசோதனைக்குப் போவதுதான் அடுத்த வேலை.

சட்டத்தில் 'ரீசன் டு பிலீவ்'

இந்தச் சொற்களுக்குச் சட்டத்தில் இன்னும் கனம் கூடும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 26-ஆம் பிரிவில் 'ரீசன் டு பிலீவ்' என்பதற்கே விளக்கம் கொடுத்தது. ஒன்றை நம்புவதற்குப் போதுமான காரணம் ஒருவருக்கு இருந்தால் மட்டுமே அவருக்கு அதை நம்பக் காரணம் இருந்தது எனக் கொள்ளலாம், இல்லையேல் இல்லை என்பது அதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய நியாய சன்ஹிதாவும் அந்த விளக்கத்தைத் தன் இரண்டாம் பிரிவில் வைத்திருக்கிறது.

இது நம் பிள்ளைகளுக்கு எங்கே வரும்? யாரோ ஒருவர் பில் இல்லாமல், பெட்டி இல்லாமல், விலை உயர்ந்த செல்போனைக் கால்விலைக்குக் கொடுக்கிறார். பையன் வாங்கிவிடுகிறான். திருட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்வது பற்றிய பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்து நேர்மையின்றி வாங்கியவரை மட்டும் பேசவில்லை. அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கியவரையும் சேர்த்தே பேசுகிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை போகலாம். "எனக்குத் தெரியாது" என்ற பதில் மட்டும் போதாமல் போகும். பில் இல்லை, விலை பொருந்தவில்லை, விற்றவர் யாரென்று தெரியவில்லை என்றால், நம்பக் காரணம் இருந்ததா இல்லையா என்ற கேள்வி எழும். பழைய போன் வாங்கினால் பில்லோடு வாங்குங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இதே சொற்றொடர் பாதுகாப்பாகவும் வரும். முன்ஜாமீன் பற்றிய பிரிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438, இப்போது பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482. ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்காகத் தான் கைதுசெய்யப்படலாம் என்று நம்பக் காரணம் உள்ளவர் நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது. 1980-இல் குர்பக்ஷ் சிங் சிபியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை விளக்கியது. வெறும் பயம் நம்பிக்கை ஆகாது, கைதாகலாம் என்ற எண்ணத்துக்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும் என்றது. ஆகவே வக்கீலிடம் போகும்போது "பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். யார் புகார் கொடுத்தார், எப்போது யார் வீட்டுக்கு வந்து விசாரித்தார், என்ன நோட்டீஸ் வந்தது என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். அதுதான் அடிப்படை.

உலக அளவிலும் இந்த அளவுகோல் உண்டு. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம், அகதி யார் என்று சொல்லும்போது 'வெல்-ஃபவுண்டட் ஃபியர்' என்ற சொல்லை வைத்தது. நன்கு ஆதாரமுள்ள அச்சம் என்று பொருள். அச்சம் மனதில் இருப்பது, ஆதாரம் வெளியே இருப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு.

எதிர்பார்ப்புக்கும் இப்படி ஒரு சொல் உண்டு: 'லெஜிட்டிமேட் எக்ஸ்பெக்டேஷன்', நியாயமான எதிர்பார்ப்பு. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் லார்ட் டென்னிங் ஒரு வழக்கில் இதைச் சொன்னார். வெளிநாட்டவர் ஒருவருக்குக் குறிப்பிட்ட காலம் தங்க அனுமதி கொடுத்துவிட்டு, காலம் முடியும் முன்பே அதை ரத்துசெய்தால், மீதிக் காலம் தங்கலாம் என்று அவர் எதிர்பார்த்தது நியாயமானது, அவருடைய தரப்பைக் கேட்க வேண்டும் என்றார். நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்தக் கருத்தை ஏற்றிருக்கின்றன. கையில் இருக்கும் அனுமதிதான் அங்கே அடிப்படை. அனுமதி நீட்டிக்கப்படும் என்ற வெறும் ஆசை அந்தக் கணக்கில் வராது. இவையெல்லாம் சொற்களைப் புரிந்துகொள்வதற்காக எழுதியவை. வழக்கு என்று வந்தால் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

நாம் எழுதும்போது

உதவித்தொகை கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் ஆங்கில விண்ணப்பங்கள் பலவற்றில் ஒரே வரிதான்: 'ஐ ஹோப் யூ வில் கைண்ட்லி கன்சிடர் அண்ட் டூ த நீட்ஃபுல்.' பக்கம் முழுக்க ஹோப் இருக்கும், காரணம் ஒன்றும் இருக்காது. நமக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும், அதனால் புரிந்துகொள்வோம். டெல்லியிலோ வெளிநாட்டிலோ உட்கார்ந்து படிக்கும் அதிகாரிக்கு அந்தத் தாளைத் தவிர வேறெதுவும் தெரியாது.

எழுதும் வரிசை எளிது. முதலில் நடந்ததை எழுதுங்கள். பிறகு அதனால் என்ன எதிர்பார்க்கலாம் என்று எழுதுங்கள். கடைசியில் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். ஒரு மாதிரி:

'மை டாட்டர் ஸ்கோர்டு 542 அவுட் ஆஃப் 600 இன் ப்ளஸ் டூ. த காலேஜ் ஹாஸ் கன்ஃபர்ம்டு ஹர் சீட். வீ தேர்ஃபோர் ஹாவ் குட் ரீசன் டு ஹோப் தட் ஷி வில் கம்ப்ளீட் த கோர்ஸ் வெல். அவர் ஒன்லி கன்சர்ன் ஈஸ் த ஹாஸ்டல் ஃபீ, விச் ஈஸ் டியூ ஆன் ஜூலை 15.'

நான்கே வரிகள்தான். மகளின் மதிப்பெண்ணும் உறுதியான இடமும் அடிப்படை. நன்றாகப் படித்து முடிப்பாள் என்பது நம்பிக்கை. ஹாஸ்டல் கட்டணம் கவலை. ஜூலை 15 கெடு. படிப்பவருக்கு இதற்குமேல் கேள்வி இருக்காது. கெஞ்சல் இல்லாததால் எழுதியவரின் கண்ணியமும் கெடவில்லை.

நகராட்சிக்குப் புகார் எழுதும்போதும் இப்படியே எழுதுங்கள். குடிநீரில் சாக்கடை கலக்கிறது என்றால், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வீட்டில், முன்பு கொடுத்த மனுவின் எண் என்ன என்று எழுதிவிட்டு, 'வீ தேர்ஃபோர் ஹாவ் ரீசன் டு ஃபியர் அன் அவுட்பிரேக்' என்று முடியுங்கள். 'வீ ஃபியர்' என்பது உங்கள் மனம். 'ரீசன் டு ஃபியர்' என்றால் பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு வருகிறது.

சில சிறு திருத்தங்கள். 'த ரீசன் ஈஸ் பிகாஸ்' என்று எழுதுவதை விட 'த ரீசன் ஈஸ் தட்' என்று எழுதுவது நல்லது. 'கன்சர்ன்டு அபவுட்' என்றால் கவலை, 'கன்சர்ன்டு வித்' என்றால் சம்பந்தப்பட்டது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர்' அல்ல, 'டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதே சரி. 'ஐ ஹாவ் எ டவுட்' என்று நாம் கேள்வி கேட்பதற்குச் சொல்வது நம் நாட்டுக்குள் புரியும். வெளிநாட்டுக் கடிதத்தில் 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்று எழுதுங்கள்.

படிக்கும்போது

அந்தப் பெரியவரின் கடிதத்துக்குப் பிறகு எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ஆங்கிலக் காகிதம் வந்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்காமல் வாய் திறப்பதில்லை. எழுதியவர் எதை நம்புகிறார், அல்லது எதற்குக் கவலைப்படுகிறார்? எதை வைத்து, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்? நம்மை என்ன செய்யச் சொல்கிறார், எப்போதைக்குள்? மூன்றாவது கேள்விக்கான பதிலைச் சிவப்பு மையில் தமிழில் எழுதி, தேதியோடு அந்தக் காகிதத்திலேயே ஊசி குத்திக் கொடுத்துவிடுகிறேன். எனக்குப் பிடிபடாத வார்த்தை இருந்தால், "இது எனக்கு விளங்கவில்லை, நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்வதற்கு முன்பெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது.

உங்கள் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்போது அவர்கள்தான் காகிதம் படித்துச் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள், சேர்ந்தே படிப்போம், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பெரியவர் இப்போது கைத்தடியோடு ஜும்ஆவுக்கு வருகிறார். என்னைப் பார்த்தால் அவரே முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிறார். அவருக்காக துஆ செய்யுங்கள், எனக்காகவும் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்